எயார்பேக் உள்ள வாகனத்தில் கை வைக்குமுன்: வன்னிக் கராஜ்களுக்குப் புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

இரவில் ஏ9 வீதியில் மாங்குளத்துக்கும் முறிகண்டிக்கும் இடையே வாகனம் ஓட்டியவர்களுக்குத் தெரியும், மாடு எந்தப் பக்கத்திலிருந்து குறுக்கே வரும் என்று சொல்ல முடியாது. அப்படி மோதி முகப்பு நசுங்கிய கார்களும் வான்களும் எங்கள் கராஜ்களுக்குத்தான் வருகின்றன. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 பெப்ரவரி வரை தனியார் வாகனங்கள் வராமல் இருந்ததால், பத்து பதினைந்து வருடப் பழைய ஜப்பான் வாகனங்களையே திரும்பத் திரும்பத் திருத்தி ஓட்டுகிறோம். அவற்றில் பெரும்பாலானவற்றில் எயார்பேக் இருக்கிறது. அதைப் பாதுகாப்பாகக் கழற்றுவது எப்படி என்று எங்களுக்கு யாரும் உட்கார்த்திச் சொல்லித்தரவில்லை. கையேடுகள் ஜப்பானிய மொழியிலும் ஆங்கிலத்திலும்தான் கிடைத்தன. தட்டுத்தடுமாறி, படம் பார்த்து, தெரிந்தவர்களைத் தேடிப் பிடித்துக் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். அறிவியல் நகரில் இருக்கும் இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிறுவனத்திலோ வேறு இடத்திலோ முறையாகப் படிக்க வாய்ப்புள்ளவர்கள் தயவுசெய்து படியுங்கள். அந்த வாய்ப்பில்லாமல் நேரே கராஜில் சேரும் தம்பிமாருக்காகவே இது.

ஒன்றை மட்டும் முதலில் மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். விரிந்து தொங்கும் எயார்பேக்கைப் பார்த்து எல்லோரும் பயப்படுகிறார்கள். பயப்பட வேண்டியது இன்னும் விரியாத எயார்பேக்குக்கு; அதை விரியவைக்கும் வெடிமருந்து இன்னும் உள்ளேயே இருக்கிறது.

1. எங்கே என்ன இருக்கிறது என்று பாருங்கள்

ஸ்ரியரிங்கின் நடுவில் ஒன்று, முன் பயணி பக்கம் டாஷ்போர்ட்டுக்குள் ஒன்று. இவை எல்லோருக்கும் தெரியும். மற்றவைதான் கையைக் கடிக்கும். முன் ஆசனங்களின் வெளிப்பக்க ஓரத்தில், தையலுக்குள் பக்க எயார்பேக் இருக்கலாம். கூரையின் ஓரமாகக் கதவுகளுக்கு மேலே திரை எயார்பேக் சுருட்டி வைக்கப்பட்டிருக்கலாம். சில வாகனங்களில் ஸ்ரியரிங்குக்குக் கீழே முழங்காலுக்கும் ஒன்று உண்டு. அந்தந்த இடத்தின் பிளாஸ்ரிக் மூடியிலோ துணியிலோ 'எஸ்ஆர்எஸ் எயார்பேக்' என்ற ஆங்கில எழுத்துகள் இருக்கும். ரோர்ச் அடித்துத் தேடுங்கள்.

பலர் மறந்துவிடுவது சீற்பெல்ற்றை. முன் ஆசன பெல்ற் சுருளும் தூணின் அடியில், அல்லது பெல்ற் பூட்டும் கொளுவியின் அடியில், மோதலின்போது பெல்ற்றை இறுக்கி இழுக்கும் டென்ஷனர் இருக்கிறது. அதற்குள்ளும் வெடிமருந்துதான். சில ஐரோப்பியக் கார்களில் விபத்தின்போது பற்றரி வயரைத் துண்டிக்கும் சிறிய வெடிப்புத் துண்டு ஒன்று பற்றரி முனையிலேயே இருக்கும்.

அடையாளம் எளிது. இந்தச் சுற்றுக்குரிய கனெக்டர்களும் பெரும்பாலும் வயர் உறைகளும் மஞ்சள் நிறம். மஞ்சளைக் கண்டால் கையை எடுங்கள். மூன்றாம் படியை முடித்துவிட்டுத் திரும்பி வாருங்கள்.

2. ஒரு திருகைக் கழற்றுமுன் கடதாசிகள்

வாகனம் முழுக் காப்புறுதியில் இருந்தால், காப்புறுதி நிறுவனத்தின் மதிப்பீட்டாளர் பார்க்குமுன் எதையும் கழற்றாதீர்கள். எயார்பேக் விரிந்திருந்ததற்கான சான்று நீங்கள் கழற்றியதோடு போய்விடும். பிறகு உரிமையாளர் அலைய வேண்டியிருக்கும், உங்களுக்கும் பணம் தாமதமாகும். உரிமையாளரிடம் இவற்றை எடுத்துவரச் சொல்லுங்கள்: வாகனப் பதிவுச் சான்றிதழின் பிரதி, வருமான உத்தரவுப் பத்திரம், காப்புறுதிச் சான்றிதழ், விபத்தின்போது ஓட்டியவரின் சாரதி அனுமதிப்பத்திரம், தேசிய அடையாள அட்டை, பொலிஸில் முறைப்பாடு செய்திருந்தால் அதன் பிரதி. லீசிங்கில் எடுத்த வாகனம் என்றால் லீசிங் நிறுவனத்துக்கும் முன்கூட்டியே அறிவிப்பது நல்லது.

காப்புறுதி ஒப்பந்தத்தில் எயார்பேக் மாற்றும் செலவு சேர்ந்திருக்கிறதா, எந்தத் தொகை வரை, பழைய வாகனம் என்று தேய்மானம் கழிப்பார்களா என்பவற்றை வேலை தொடங்குமுன் உரிமையாளரே எழுத்தில் கேட்டுவைக்க வேண்டும். வாய்ச்சொல் போதாது.

நீங்களும் படங்கள் எடுத்து வையுங்கள். சாசி இலக்கம், விரிந்த ஒவ்வொரு பை, பூட்டிக்கொண்ட பெல்ற், மீற்றரில் எரியும் எயார்பேக் விளக்கு, வாகனக் கணினியின் பிழைகளை வாசிக்கும் ஸ்கானரில் வந்த பிழைக் குறியீடுகள் எல்லாம் வேண்டும். ஸ்கானர் இல்லாவிட்டால், இருக்கும் கராஜில் ஒருமுறை காட்டி அந்த அறிக்கையை வாங்குங்கள். வாகனத்தில் பெரிய மின்கோளாறு தெரிந்தால் அல்லது அது வெள்ளத்தில் நின்றது என்றால், விளக்கைப் பார்ப்பதற்காகச் சாவியைத் திருகாதீர்கள். 2018 டிசம்பர் வெள்ளத்தின்போது கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் எத்தனை வாகனங்கள் ஆசனம் வரை நீரில் நின்றன என்பது நமக்குத் தெரியும். மோதலை உணர்ந்து பைகளை விரியவைக்கும் எயார்பேக் கணினிப் பெட்டி பொதுவாகக் கியர் நெம்புக்கோலை ஒட்டி, தரையோடு இருக்கும். அதற்குள் ஈரம் இருக்கும்போது மின்சாரம் கொடுத்தால் மோதலே இல்லாமல் பை விரியக்கூடும். அப்படிப்பட்ட வாகனத்தில் முதல் வேலை பற்றரியைக் கழற்றுவதுதான்.

3. பற்றரியைக் கழற்றுங்கள், காத்திருங்கள்

சாவியை 'ஓஃப்' நிலைக்குக் கொண்டுவந்து வெளியே எடுங்கள். பொத்தான் அழுத்தித் தொடங்கும் வாகனம் என்றால் சாவியைத் தூரத்தில் வையுங்கள். பற்றரியின் மைனஸ் முனையைக் கழற்றி, அது தானாகத் திரும்பிப் போய்த் தொடாதபடி துணியால் சுற்றுங்கள். கலப்பு மின் (ஹைபிரிட்) வாகனங்கள் பலவற்றில் 12 வோல்ட் பற்றரி பின்பக்கத்தில் இருக்கும். உயர் மின்னழுத்த பற்றரியின் பூட்டு வேறு. அதன் செம்மஞ்சள் வயர்களைத் தொடும் பயிற்சி இல்லாதவர்கள் அந்தப் பக்கம் போகவே கூடாது.

அடுத்தது காத்திருப்பு. பலர் தவறவிடும் இடம் இது. பற்றரி கழன்றாலும் எயார்பேக் கணினிப் பெட்டிக்குள் இருக்கும் மின்தேக்கி சிறிது நேரம் மின்னேற்றத்தைப் பிடித்துவைத்திருக்கும். மோதலில் பற்றரி நொறுங்கினாலும் பை விரிய வேண்டும் என்பதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். ரொயோட்டா கையேடுகள் குறைந்தது 90 செக்கன் காத்திருக்கச் சொல்கின்றன. ஹொண்டாவும் நிசானும் 3 நிமிடம் சொல்கின்றன. எங்கள் கராஜில் எந்த வாகனமானாலும் 10 நிமிடம் என்று வைத்திருக்கிறோம். பற்றரியைக் கழற்றிய நேரத்தை முன்கண்ணாடியில் சோக்கால் எழுதிவிடுவோம். வாடிக்கையாளர் அவசரப்படுத்தினால் அந்த நேரத்தைக் காட்டுவோம்.

4. கழற்றுதல், தூக்குதல், வைத்தல்

மஞ்சள் கனெக்டரைத் தொடுமுன் வாகனத்தின் பெயின்ற் இல்லாத இரும்பு ஒன்றை வெறுங்கையால் தொடுங்கள். உடம்பில் தேங்கிய நிலைமின் அதில் இறங்கிவிடும்.

ஸ்ரியரிங் பையின் திருகுகள் பழைய வாகனங்களில் ஸ்ரியரிங்கின் இரு பக்கத்திலும் சிறிய மூடிகளுக்குப் பின்னால் இருக்கும். நட்சத்திர முனைச் சாவி வேண்டும். புதியவற்றில் பின்பக்கத் துளை வழியாகக் கம்பியைத் தள்ளி விடுவிக்கும் ஸ்பிரிங் பூட்டு. எதுவானாலும் ஸ்குரூட்ரைவரால் நெம்பாதீர்கள். பை சற்று வெளியே வந்ததும் அதன் பின்னால் மஞ்சள் கனெக்டர் தெரியும். அதன் நடுவில் நிறம் வேறுபட்ட சிறிய பூட்டுத் தகடு இருக்கும். அதை முதலில் மேலே தூக்கிவிட்டு, பிறகு கனெக்டரைப் பிடித்து இழுங்கள். வயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. ஒரே பையில் இரண்டு கனெக்டர் இருந்தால் இரண்டையும் கழற்ற வேண்டும்.

மல்ரிமீற்றரை அந்த முனைகளில் வைக்காதீர்கள். இதைத் தனியாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மீற்றர் எதிர்ப்பை அளக்கும்போது தன் பற்றரியிலிருந்து சிறிய மின்னோட்டத்தை அனுப்புகிறது. பையைப் பற்றவைக்க அது போதுமானதாகிவிடலாம். 'உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்போம்' என்று 12 வோல்ட் சோதனை விளக்கை வைப்பதும் அப்படித்தான்.

இனித் தூக்கும் முறை. புதிதாக வரும் பையன்கள் எல்லோரும் ஒரே மாதிரித் தூக்குவதைப் பார்த்திருக்கிறேன். ஸ்ரியரிங் பையை இரு கையாலும் எடுத்து, மென்மையான முகப்பு தங்கள் பக்கம் இருக்கும்படி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடக்கிறார்கள். பின்பக்க இரும்பு கையில் குத்தும் என்பதால் அப்படிப் பிடிக்கிறார்கள். அது விரிந்தால் நெஞ்சிலும் தாடையிலும்தான் அடிக்கும். பிளாஸ்ரிக் முகப்பு எப்போதும் உடம்புக்கு எதிர்ப்பக்கம் பார்த்திருக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் எடுங்கள். வயரில் பிடித்துத் தொங்கவிடாதீர்கள்.

வைக்கும்போது முகப்பு மேலே. கவிழ்த்து வைத்தால், விரியும்போது பை நிலத்தை உதைத்து, கனமான இரும்புப் பகுதி கூரைக்குப் பறக்கும். அதன்மேல் எதையும் அடுக்காதீர்கள். ரொயோட்டா போன்றவர்களின் கையேடுகள் 93 பாகை செல்சியஸுக்கு மேல் சூடு படவே கூடாது என்கின்றன. வன்னியின் சித்திரை வெயிலில் தகரக் கொட்டகையின் கீழ், வெல்டிங் நடக்கும் மூலையில் வைத்துவிட்டு அந்த எல்லைக்குக் கீழேதான் இருக்கிறது என்று நம்பியிருக்க முடியாது. நிழலில், உலர்ந்த, பூட்டக்கூடிய அலுமாரி ஒன்றை இதற்கென்றே ஒதுக்குங்கள். கிரீஸ், எண்ணெய், தண்ணீர் படக் கூடாது. கீழே விழுந்த பையை மீண்டும் வாகனத்தில் பொருத்தக் கூடாது. வெளியே கீறல் தெரியாவிட்டாலும் பொருத்தக் கூடாது.

5. ரிங்கரிங் (நசுங்கிய தகட்டைத் தட்டி நிமிர்த்துதல்), வெல்டிங், பெயின்ற்

கதவுக்குள்ளும் நடுத் தூணிலும் பக்க மோதலை உணரும் சென்சர்கள் இருக்கலாம். சாவி 'ஓன்' நிலையில் இருக்கும்போது கதவைச் சுத்தியலால் தட்டி நிமிர்த்தினால், அந்த அதிர்வைக் கணினி மோதல் என்று எடுத்துக்கொள்ளக்கூடும். வானொலி கேட்டுக்கொண்டு ரிங்கரிங் செய்யும் வழக்கத்தை விட்டுவிடுங்கள்.

வெல்டிங் என்றால் பற்றரி முழுவதும் கழன்றிருக்க வேண்டும். எயார்பேக் கணினிப் பெட்டியின் கனெக்டரும் கழன்றிருக்க வேண்டும். ஏர்த் பிடியை ஒட்டும் இடத்துக்கு மிக அருகில் போடுங்கள். கூரை ஓரத்தையோ தூணையோ கிரைண்டரால் வெட்டுமுன் உள் மூடியைக் கழற்றிக் கண்ணால் பாருங்கள். திரை எயார்பேக்கின் நீண்ட வாயுக்குடுவை அங்கே படுத்திருக்கலாம். அதற்குள் உயர் அழுத்தத்தில் அடைத்த வாயு இருக்கிறது. பற்றரி கழன்றிருப்பது அங்கே உங்களைக் காப்பாற்றாது. பின்கதவைத் தூக்கிப் பிடிக்கும் வாயுத் தண்டுகளையும் சூடாக்கவோ துளைக்கவோ கூடாது.

சூட்டு அறையில் பெயின்ற் உலர்த்துவதாக இருந்தால் பைகளையும் கணினிப் பெட்டியையும் முதலில் வெளியே எடுங்கள்.

6. விரிந்துபோன எயார்பேக்

மோதலை உணர்ந்ததிலிருந்து பை முழுதாக விரிய ஒரு செக்கனின் இருபதில் ஒரு பங்கு போதும். விரிந்த உடனே உலோகப் பகுதி கொதிக்கும். குறைந்தது அரை மணி நேரம் தொடாதீர்கள். உள்ளே படிந்திருக்கும் வெண்பொடி கண்ணையும் தோலையும் எரிக்கும். கையுறை, கண்ணாடி, முகக்கவசம் அணியுங்கள். வேலை முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு வைத்தியசாலைக்குப் போங்கள்.

ஒரு பை விரிந்தது என்றால் மற்றவையும் விரிந்துவிட்டன என்று எண்ணாதீர்கள். முன் மோதலில் பக்கத்துப் பைகள் உயிரோடுதான் இருக்கும். சில பைகளில் இரண்டு கட்டமாகப் பற்றும் அமைப்பு உண்டு. மெதுவான மோதலில் ஒரு கட்டம் மட்டும் பற்றி மற்றது உள்ளேயே இருந்துவிடலாம். விரிந்த பையையும் ஸ்கானர் அறிக்கை பார்க்கும்வரை உயிருள்ளதாகவே கையாளுங்கள்.

7. பாகம் வாங்குதல்: செலவும் காலமும்

'எயார்பேக் என்ன விலை' என்று ஒரே கேள்வியாகக் கேட்டால் ஏமாந்துபோவீர்கள். முன் பைகள் இரண்டும் விரிந்த வாகனத்துக்கு வழக்கமாக வேண்டியவை ஸ்ரியரிங் பை, பயணிப் பை, கிழிந்த டாஷ்போர்ட், டென்ஷனர் இயங்கியிருந்தால் முன் பெல்ற்கள் இரண்டும், எயார்பேக் கணினிப் பெட்டி, சேதமான முன் சென்சர், தேவைப்பட்டால் ஸ்ரியரிங்குக்குள் இருந்து பைக்கும் ஹோர்னுக்கும் மின்சாரம் கொண்டுபோகும் சுருள் கேபிள். ஒவ்வொன்றுக்கும் தனி வரியில் விலை எழுதி வாங்குங்கள். கூலி இதில் சிறிய பங்குதான், பாகங்களே பணத்தை விழுங்கும். டாஷ்போர்ட்டின் விலையைக் கேட்டுத்தான் பல உரிமையாளர்கள் தளர்ந்துபோகிறார்கள். அதனால் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

பழைய பையின் பின்னால் இருக்கும் ஒட்டுத் தாளில் பாக இலக்கம் இருக்கும். அதையும் சாசி இலக்கத்தையும் சேர்த்து அனுப்பினால்தான் சரியான பொருள் வரும். வாகன நிறுவனத்தின் முகவர் மூலம் புதிதாக எடுப்பித்தால் வாரக்கணக்கில் காத்திருக்க நேரும். கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழையது விரைவில் கிடைக்கும். ஆனால் அது எந்த வாகனத்திலிருந்து வந்தது, நனைந்ததா, விழுந்ததா என்று உங்களால் கண்டுபிடிக்க முடியாது. பழைய பை வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. இன்னொன்று: உயிருள்ள எயார்பேக் சர்வதேச அளவில் அபாயகரமான சரக்கு என்று வகைப்படுத்தப்பட்ட பொருள். அதைப் பார்சலாகக் கட்டிப் பயணிகள் பஸ்ஸில் ஏற்றிவிடச் சொல்லாதீர்கள்.

தக்காட்டா என்ற ஜப்பான் நிறுவனத்தின் பைகளைப் பற்றி அறிந்திருக்க வேண்டும். அவர்கள் பயன்படுத்திய அமோனியம் நைத்திரேற்று மருந்து, பல வருட வெப்பத்திலும் ஈரத்திலும் கெட்டுப்போய், விரியும்போது குடுவையையே உடைத்து உலோகத் துண்டுகளை வீசியது. ரொயோட்டா, ஹொண்டா, நிசான் உட்படப் பல நிறுவனங்களின் வாகனங்களில் சுமார் 10 கோடி வாயுக்குடுவைகள் திரும்ப அழைக்கப்பட்டன. அந்த நிறுவனம் 2017இல் வங்குரோத்தானது. சூடும் ஈரமும் உள்ள நாடுகளுக்கே ஆபத்து அதிகம். நம்முடைய நாடு அப்படிப்பட்டதுதான். பத்து பதினைந்து வருடப் பழைய ரீகண்டிஷன் வாகனம் கையில் வந்தால் சாசி இலக்கத்தை அந்த வாகன நிறுவனத்தின் ஜப்பானிய இணையத்தளத்திலோ இலங்கை முகவரிடமோ கொடுத்துப் பாருங்கள். திரும்ப அழைக்கப்பட்ட பையை முகவர் மாற்றித் தருவாரா என்று எழுத்தில் கேளுங்கள். கேட்கப் பணம் செலவில்லை.

சில இடங்களில் மலிவு வழி ஒன்றைக் காட்டுவார்கள். பைக்குப் பதிலாகச் சிறிய மின்தடை ஒன்றைக் கனெக்டரில் செருகி, விளக்கை அணைத்து, மேல்மூடியை ஒட்டிக் கொடுத்துவிடுவார்கள். கிழிந்த டாஷ்போர்ட்டை பைபர் பூசி மூடுவதும் உண்டு. அந்த ஆசனத்தில் ஒரு தாய் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவாள். இந்த வேலையைச் செய்யாதீர்கள். உரிமையாளர் கெஞ்சினாலும் செய்யாதீர்கள். பணம் இல்லை என்றால், பை இல்லை என்று பில்லில் எழுதி, விளக்கை எரியவிட்டுக் கொடுங்கள்.

8. உயிருள்ள பை இரும்புக்குப் போகக் கூடாது

உடைக்க வந்த வாகனத்திலும், மாற்றிய பழைய பாகங்களிலும் விரியாத பைகளும் டென்ஷனர்களும் மிஞ்சும். லான்ட்மாஸ்ரரில் (இருசக்கர உழவு இயந்திரத்தில்) பழைய இரும்பு வாங்க வருபவர் குவியலைப் பார்த்ததும் கேட்பார்: "தம்பி, இந்தக் குடுவையில் நல்ல உலோகம் இருக்கிறது, சேர்த்துப் போடுவாயா?" அவர் அதை வீட்டு முற்றத்தில் வைத்து உளியாலும் சுத்தியலாலும் பிளப்பார், பக்கத்தில் பிள்ளைகள் நிற்பார்கள். பழைய இரும்பு என்று எடுத்து வெட்டியதில் கையும் உயிரும் போன கதைகள் இந்த மண்ணில் குறைவில்லை. முகமாலைப் பக்கம் வளர்ந்தவர்களுக்குக் கண்ணிவெடியை எச்சரிக்கும் மண்டையோட்டுப் பலகையின் பொருளைச் சொல்லித்தர வேண்டியதில்லை. எங்கள் அலுமாரிக் கதவிலும் ஒன்றை வரைந்திருக்கிறோம். அவரிடம் சொல்லுங்கள்: "அண்ணை, இது வெடிக்கிற சாமான், இரும்பு இல்லை." காரணத்தையும் விளக்குங்கள். வேறு கராஜில் அவருக்கு இதைச் சொல்ல ஆள் இல்லாமல் இருக்கலாம்.

நீங்களே வெடிக்கவைத்து முடிக்கவும் முயலாதீர்கள். முகவர்கள் அதற்கென்ற கருவியோடு, குறைந்தது 10 மீற்றர் தூரத்தில் நின்று, ஆட்களை விலக்கிவிட்டுச் செய்யும் வேலை அது. இங்கே ஒரு வெடிச்சத்தம் கேட்டால் பக்கத்து வீட்டு அம்மா என்ன நினைப்பார், பொலிஸ் என்ன கேட்கும் என்பதையும் யோசியுங்கள். எரிப்பதும் புதைப்பதும் கூடாது. காப்புறுதி வேலை என்றால் பழைய பாகங்களை நிறுவனமே கேட்கலாம், கொடுத்துவிட்டுக் கையொப்பம் வாங்குங்கள். மற்றவற்றை வாகன முகவரிடம் எழுத்தில் அறிவித்து, அவர்கள் சொல்லும்வரை பூட்டி வையுங்கள். எந்த வாகனத்தில் எந்தத் திகதியில் கழற்றியது என்று ஒவ்வொன்றிலும் சீட்டு ஒட்டுங்கள். நாளை யாராவது கேட்டால் அந்தச் சீட்டுத்தான் உங்கள் பதில்.

9. பூட்டி முடித்து பற்றரி கொடுத்தல்

சுருள் கேபிளை நடுநிலைக்குக் கொண்டுவராமல் ஸ்ரியரிங்கைப் பூட்டினால் முதல் முழு வளைவிலேயே அது அறுந்துவிடும். முன் சக்கரங்கள் நேராக இருக்க, கேபிளை மெதுவாக ஒரு பக்கம் முட்டும்வரை சுழற்றி, பிறகு எதிர்ப்பக்கம் அம்புக்குறிகள் பொருந்தும்வரை திருப்புங்கள். பல ரொயோட்டா வாகனங்களில் அது ஏறக்குறைய இரண்டரைச் சுற்று. எந்தப் பக்கம் முதலில் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், கேபிளின் மேலேயே எழுதியிருப்பார்கள். ஹோர்னும் வேலை செய்யவில்லை, எயார்பேக் விளக்கும் எரிகிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்தக் கேபிளைத்தான்.

எல்லா மஞ்சள் கனெக்டர்களும் பூட்டியபின் கடைசியாகவே பற்றரி. அப்போது வாகனத்துக்குள் யாரும் இருக்கக் கூடாது. கதவுக்கு வெளியே நின்று, பைகளின் பாதையில் தலையை நீட்டாமல், கையை மட்டும் விட்டுச் சாவியை 'ஓன்' செய்யுங்கள். விளக்கு எரிந்து சில செக்கன்களில் அணைய வேண்டும். அணையாவிட்டால் பிழை இருக்கிறது. முதலிலேயே எரியவில்லை என்றாலும் பிழைதான், யாரோ முன்னர் அந்த விளக்கைக் கழற்றியிருக்கலாம். ஸ்கானரில் மறுபடி பார்த்துப் பிழை இல்லாத அறிக்கையை எடுங்கள்.

உரிமையாளரிடம் வாகனத்தைக் கொடுக்கும்போது அந்த அறிக்கை, மாற்றிய பாகங்களின் இலக்கங்கள் எழுதிய பில், படங்கள் மூன்றையும் கொடுங்கள். அவர் முன்னாலேயே ஒருமுறை சாவியைத் திருகி, விளக்கு எரிந்து அணைவதைக் காட்டுங்கள். ஓடும்போது அது மீண்டும் எரிந்தால் அன்றே கொண்டுவரச் சொல்லுங்கள். கராஜ் சுவரில் 1990 அம்புலன்ஸ், 110 தீயணைப்பு, 119 பொலிஸ் என்ற மூன்று இலக்கங்களையும் பெரிதாக எழுதி வையுங்கள்.